பறித்தால் பணம் உண்டு, வீட்டில் விட்டால் இல்லை

2008 ஜூனில் கனடா பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நூறாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் பெயரையும் அழித்த உறைவிடப் பள்ளிகளுக்கான மன்னிப்பு அது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பூர்வகுடி அமைப்புகள் அந்த அரசின் மீது மனித உரிமைப் புகார் கொடுத்திருந்தன. பள்ளிகள் மூடப்பட்ட பிறகும் குழந்தைகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

எப்படி? 1951இல் ‘இந்தியர் சட்டத்தை’ (அங்கே பூர்வகுடிகளை அப்படித்தான் சட்டம் அழைக்கிறது) திருத்தி, மாகாணச் சட்டங்களை ரிசர்வ் எனப்படும் பூர்வகுடி நிலப்பகுதிகளுக்கும் நீட்டினார்கள். பாதிரியார் போய், குழந்தைநல அதிகாரி வந்தார். 1960களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெள்ளையர் குடும்பங்களுக்குப் போனார்கள். எழுதப்பட்ட காரணம் பெரும்பாலும் அடி உதை அல்ல, ‘கவனிப்பின்மை’. ஒழுகும் கூரை, நெரிசலான வீடு, கையில் காசில்லாத தாய்: இதற்கு அரசு வைத்த பெயர் அது. வறுமையை உண்டாக்கியவர்களே வறுமையைக் குற்றமாக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன?

நண்பர்களே, நிதி ஓடிய வழியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ரிசர்வ் குழந்தைகளுக்கான செலவு மத்திய அரசின் பொறுப்பு. குழந்தையை வெளியே எடுத்துப் பராமரித்தால் ஆகும் செலவை அரசு திருப்பித் தந்தது. அதே குழந்தை தாயோடு இருக்க உதவும் பணிக்குக் கிடைத்ததோ சொற்பம். எந்த அதிகாரியும் வெறுப்போடு செயல்பட வேண்டியதில்லை. கணக்குப் புத்தகமே பிரித்துவிடும்.

மானிடோபாவின் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் விஷயத்தில் நடந்தது இன்னும் கொடுமை. பிறவியிலேயே கடும் நோயுள்ள சிறுவன். வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாதாடின. அவன் 2005இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே இறந்தான்.

2016 ஜனவரியில் மனித உரிமைத் தீர்ப்பாயம் இதை இனப்பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது. இழப்பீட்டு உத்தரவை எதிர்த்து அரசு நீதிமன்றம் போய்த் தோற்றது. 2023இல் 2,300 கோடி டாலருக்கும் அதிகமான உடன்பாடு உறுதியானது. வறுமையை மட்டுமே காரணமாக்கிக் குழந்தையை எடுக்கக் கூடாது என்ற சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் சண்டையிட்டு வாங்கியவை. குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 2021 கணக்கெடுப்பில், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களில் 53.8 சதவீதம்.

2024இல் பத்தாண்டுச் சீர்திருத்தத்துக்கு 4,780 கோடி டாலர் தர அரசு முன்வந்தது. அக்டோபரில் கால்கரியில் கூடிய பூர்வகுடித் தலைவர்கள் அதை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். பத்தாண்டு முடிந்த பிறகு பாகுபாடு திரும்பாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள்.