அடுப்படி வரலாறு - 17: கூப்பன் புத்தகமும் பாக்தாத் கத்தரிக்காயும்

1949 ஏப்ரலில் இஸ்ரேல் அரசு ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. நாடு பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்நியச் செலாவணி கையில் இல்லை. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 1951 முடிவதற்குள் அங்கிருந்த யூதர்களின் தொகை இரட்டிப்பாகிவிட்டது. பங்கீட்டு அமைச்சர் டோவ் யோசெஃப் ஆளுக்கொரு கூப்பன் புத்தகம் கொடுத்தார். முட்டைக்குப் பதில் முட்டைத்தூள், இறைச்சி எப்போதாவது. கோழி ஈரலைக் கொத்தி வெங்காயத்தோடு மசித்துச் சாப்பிட்டுப் பழகிய கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், ஈரலுக்கு வழியில்லாமல் கத்தரிக்காயை வதக்கி அதே பக்குவத்தில் மசித்தார்கள். பஞ்சத்துக்குச் செய்தது, பிறகு பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர்களுக்கோ அரிசி வேண்டும். அதற்கும் தட்டுப்பாடு. பிரதமர் பென் குரியன் கேட்டுக்கொண்டதால் ஓஸெம் நிறுவனம் கோதுமை மாவை அரிசி வடிவில் அச்சில் பிழிந்து, வறுத்து விற்றது. ‘ப்டிடிம்’ என்று பெயர். மக்கள் வைத்த பெயர் ‘பென் குரியன் அரிசி’.

ஆனால் அந்த நாட்டின் நாக்கை மாற்றியதில் அரசாங்கத்தைவிட அகதிகளுக்கே பெரிய பங்கு என்பேன். ஈராக்கைப் பாருங்கள். 1950, 51-ஆம் ஆண்டுகளில் சுமார் 1,20,000 யூதர்கள் அங்கிருந்து விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். ஈராக் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது, சொத்துகளையும் முடக்கியது. பாக்தாதில் வசதியாக வாழ்ந்த பல குடும்பங்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் குடியேறின. எடுத்துவர முடிந்தது சமையல் பக்குவம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனி இரவு வரை யூதர்கள் தீ மூட்டக் கூடாது. அதனால் பாக்தாத் வீடுகளில் வெள்ளி மாலையே கோழியும் அரிசியும் சேர்த்த பானையை மெல்லிய தணலில் ஏற்றிவிடுவார்கள். மூடியின் மேல் முட்டைகளை ஓட்டோடு அடுக்கித் துணியால் போர்த்துவார்கள். விடிவதற்குள் வெள்ளைக்கரு பழுப்பேறி, கொட்டை வாசம் பிடித்திருக்கும். முந்தின நாளே பொரித்து வைத்த கத்தரிக்காய் வில்லைகளோடு அந்த முட்டைதான் ஓய்வுநாள் காலை உணவு. கூடவே ‘அம்பா’: மாங்காய், மஞ்சள், வெந்தயம் சேர்ந்த புளித்த ஊறுகாய். நம் ஆவக்காய் போல எண்ணெய் மிதக்காது, கூழாக வழியும். பம்பாயில் வணிகம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக அது ஈராக் போனதென்பது பரவலான நம்பிக்கை. தாவீது ஸசூன் போன்ற பாக்தாத் வணிகர்கள் 1830களிலேயே பம்பாயில் நிலைகொண்டிருந்ததால், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஈராக் யூதர்கள் திரளாகக் குடியேறிய ரமத் கானில், 1960களின் தொடக்கத்தில், இந்த வீட்டு உணவு தெருவுக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தருகே ஒரு சிறு கடை. பிட்டா ரொட்டியைப் பிளந்து கத்தரிக்காய், முட்டை, அம்பா, எள் விழுது எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கொடுத்தார்கள். அதுதான் ‘சபிஹ்’. இப்போது நாடு முழுக்கக் கிடைக்கிறது. ஈராக்கியர்களின் அரபுப் பேச்சையும் பழக்கத்தையும் தாழ்வாகப் பார்த்த சமூகம், அவர்கள் ஊறுகாய்க்கு வரிசையில் நின்றது.

இன்னொரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிப்பது நேர்மையாகாது. ஹம்மஸும் ஃபலாஃபலும் அகதிகள் கொண்டுவந்த சரக்கல்ல. பாலஸ்தீனர்களும் சுற்றியுள்ள அரபு மக்களும் காலங்காலமாகச் சமைத்தவை. 1948-இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்கள் உணவோ புதிய நாட்டின் தேசிய உணவு என்று அஞ்சலட்டைகளில் ஏறியது. பாலஸ்தீனப் பெண்கள் குன்றுகளில் பறித்துவந்து, உலர்த்தி, எள்ளோடு கலந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் ‘ஸாத்தர்’ இலையை 1977-இல் இஸ்ரேல் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்தது. அதன்பின் மலையில் இலை பறித்தவர்களுக்கு அபராதம் விழுந்தது. பண்ணையில் விளைந்த அதே இலை கடைகளில் பொட்டலமாக விற்பனையானது.