மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனருக்கு லேத் பட்டறையில் என்ன வேலை?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வாகன உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டன. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதே 1990களில் தெற்கே, டியூரபிள் கார் கம்பனி மொரிஸ் மைனர் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாடு ஒன்று, கார் ஒன்று.

அப்படித் தப்பிய கார் ஒன்றைப் புதுப்பிக்கத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் படகு எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறையே போதும். ஆனால் தடைக்காலம் எஞ்சினுக்குள் விட்ட சேதத்தை முதலில் கணக்கெடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கவைக்கும். சுவரும் பேரிங்கும் தேயும். 1098 சிசி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். மேல்முனைக்குச் சற்றுக் கீழேதான் தேய்வு அதிகம். 0.020 அல்லது 0.040 அங்குலம் பெரிய பிஸ்ரன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே ரீபோர் செய்ய வேண்டும். முதலில் குடைந்துவிட்டுப் பிஸ்ரன் தேடுவது வீண்செலவு.

அடுத்தது வால்வு. 2002இல் தடை நீங்கிப் பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. அதே ஆண்டில்தான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. இந்த எஞ்சின்களில் புகைபோகும் வால்வின் இருக்கையைக் காத்தது அந்த ஈயப் படலம். அது இல்லாமல் வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். 0.012 அங்குல வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்தால் அதுதான் அறிகுறி. சிலிண்டர் ஹெட்டில் பள்ளம் கடைந்து, கடினமாக்கிய உருக்கு வளையத்தை இறுக்கமாக அழுத்தி ஏற்றுவதே தீர்வு. நல்ல பட்டறைக்கு இது ஒரு நாள் வேலை.

புஷ், ஸ்பேசர், தண்ணீர்ப் பம்புத் தண்டு எல்லாம் தாராளமாகக் கடையலாம். முன்சில்லைத் தாங்கும் மரைத்தண்டையும் அது திருகி நிற்கும் டிரனியனையும் மட்டும் கண்ட இரும்பில் கடையவேண்டாம். மரை தேய்ந்து கழன்றால் ஓடும்போதே சில் மடிந்துவிடும். தடைக்காலத்தில் வேறு வழியில்லை, பற்றவைத்தும் ஓடினார்கள். இன்று பிரித்தானியாவிலிருந்து புதியதாகவே தருவிக்கலாம். கேட்கும்போது இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பூட்டிய பிறகு கிறீஸ் அடிக்க மறக்காதீர்கள்.