காய்ச்சலும் ஒரு சீட்டும்

அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை தொடங்கியபோது டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: “காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் உடனே கூட்டி வாருங்கள்.” பிரெஞ்சுப் பள்ளியில் சென்டிகிரேடிலேயே படித்த எனக்கு அது புரிந்தது. அண்ணி வைத்திருந்த தெர்மாமீட்டரோ பாரன்ஹீட். 100.4 என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

“இது ஒரு காய்ச்சலா தம்பி? மாத்திரை போட்டுக் காலையில் பார்த்தால் ஆகாதா?” என்றார் அண்ணி. ஆகாது. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1948இல் பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்நோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக எழுதினார். அது நிலைக்கவில்லை என்றாலும் வழி திறந்தது. அந்த மருந்து வந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அங்கிருந்தே வந்தது. புற்றுநோய் மருந்துக்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு அவசியமான துணை என்பது பிறகுதான் முழுதாக விளங்கியது.

காரணம், இம்மருந்துகள் நோயணுக்களோடு, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடும். 1966இல் ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும் இதை எண்ணிக்கையில் காட்டினார்கள்: நியூட்ரோஃபில் அணுக்கள் குறையக் குறைய தொற்று ஏறுகிறது, கன மில்லிமீட்டருக்கு 500க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். எதிர்க்க அணு இல்லாததால் சீழோ வீக்கமோ தெரியாது. காய்ச்சல் ஒன்றே அடையாளம். 1971இல் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழுவினர், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் காய்ச்சல் கண்டவுடனே ஆன்டிபயாடிக் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். எங்கள் டாக்டர் சொன்னதும் அதைத்தான்.

புதிய மருந்துகள் வந்தும் இந்தக் கவலை போகவில்லை. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப், உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை எழுப்பிவிடக்கூடும். அதனால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். 2017இல் வந்த கார்-டி சிகிச்சை, நோயணுக்களோடு நல்ல பி அணுக்களையும் அழிப்பதால் எதிர்ப்புப் புரதம் மாதக்கணக்கில் குறைந்திருக்கலாம்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டியது. அண்ணி என்னை எழுப்பினார், மறுபேச்சில்லாமல் கிளம்பினோம். பத்து நாள் கழித்து அண்ணன் வீடு திரும்பினார்.

சுவரில் இருக்கும் சீட்டை அண்ணி இன்னும் கிழிக்கவில்லை.