லாகர் ஆளுக்கு எந்த ஜெர்மன் பீர்?

புனேயில் பக்கத்து ஃப்ளாட் நண்பருக்கு ஆபீஸ் வேலையாக ம்யூனிக்கில் ஒரே ஒரு ராத்திரி. "நான் லாகர்தான் குடிப்பேன், அங்கே என்ன கேட்கட்டும்?" என்றார். லாகரே ஜெர்மன் வார்த்தைதான் சாமி! சேமித்து வைப்பது என்று அர்த்தம்.

1553-ல் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சத் தடை. குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறையில் மாதக்கணக்கில் வைத்தார்கள். அப்போதெல்லாம் பெரும்பாலும் கரும்பழுப்பு நிறம்தான்.

1842-ல் யோசப் க்ரோல் என்ற பவேரியக்காரர் பொஹீமியாவின் பில்சன் நகருக்கு வேலைக்குப் போய், பொன்னிற லாகர் காய்ச்சினார். பேர் முழுக்க அந்த ஊருக்கு. (வெளியூரில் உழைப்பவன் கதை நமக்குத் தெரியாததா?) ம்யூனிக்கில் ஸ்பாட்டன் ஆலை 1894-ல்தான் பதிலுக்கு 'ஹெல்லஸ்' கொண்டுவந்தது. பில்ஸ்னரைவிடக் கசப்பு குறைவு.

"அதையே கேளுங்க சார்."

"கோதுமை பீர்னு சொல்றாங்களே?"

"அது லாகரே இல்லை. ஒரு ராத்திரிக்கு வேண்டாம்."