பென்சிலின் தோற்க ஆரம்பிச்ச வார்டு

இன்னைக்கு நாம போற இடம் லண்டன், ஹேமர்ஸ்மித் மருத்துவமனை. நோயாளிகள்கிட்ட இருந்து எடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளை மேரி பார்பர் என்ற கிருமியியல் நிபுணர் வரிசையாகச் சோதிக்கிறார். பென்சிலினுக்கு அடங்காதவை 1947-ல் 38 சதவீதம். 1948-ல் 59. அந்த மருந்து பொதுமக்கள் கைக்கு வந்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது.

எப்படி இவ்வளவு வேகம்? பென்சிலினை உடைக்கிற நொதியோட சில கிருமிகள் முன்னாடியே இருந்தன. மருந்து மத்த கிருமிகளைக் கொன்னதும், இதுகளுக்கு இடம் காலியாச்சு. ஊழியர்களோட மூக்கு, கை வழியா வார்டு வார்டா பரவின. அதனால, பென்சிலினே போடாதவருக்கும் பென்சிலின் கேட்காத தொற்று வந்தது.

1959-ல் மெதிசிலின் கண்டுபிடிச்சாங்க. 1961-லேயே அதுக்கும் அடங்காத கிருமி பத்தின அறிக்கை வெளியாச்சு.

ஆனா பார்பர் புது மருந்தை மட்டும் நம்பி இருக்கல. அதே ஹேமர்ஸ்மித்தில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1960-ல் முடிவை வெளியிட்டார்: அடங்காத கிருமிகள் குறைஞ்சிருந்தன.

"டாக்டர், ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுங்க"ன்னு அடுத்த தடவை கேட்கும்போது, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவரையும் கொஞ்சம் நினைச்சுக்குவோம்.