தவறணையின் பின்கட்டில் நத்தார்க் கூத்து

ஆங்கில நாட்டில் நத்தார்க் காலம் வந்துவிட்டால் பெற்றோர் தம் பிள்ளைகளை நாடக அரங்குக்கு அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். அங்கே அவர்கள் காண்பது ‘பன்ரோமைம்’ என்னும் ஒருவகைக் கூத்தாகும். சிண்டரெல்லா, அலாவுதீன் போன்ற கதையொன்று அதற்கு அடிப்படை. மரபுப்படி, கதாநாயகன் வேடத்தை இளம்பெண் ஒருத்தி தாங்குவாள். கிழவி வேடத்தை ஆடவர் ஒருவர் தாங்குவார். தீயவன் மேடையில் தோன்றியதும் சபையோர் சீறுவர். அவன் பின்னால் பதுங்கி வருகின்றான் என்று குழந்தைகள் நாயகனுக்குக் கத்திச் சொல்லுவர். ஏனைய நாடகங்களில் குற்றமாகக் கருதப்படும் கூச்சல் இங்கே சபையோரின் கடமையாகின்றது. இந்த உரிமை அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது? விடை தேடிப் புறப்படுவோமாயின், இலண்டன் மாநகரின் தவறணைகளுக்குள்ளேதான் நுழைய வேண்டியிருக்கும்.

நாடகத்துக்கெனத் தனிக் கட்டடங்கள் தோன்றுவதற்கு முன்னர், அந்நகரின் நடிகர்கள் சத்திரங்களின் முற்றங்களிலே நடித்து வந்தனர். 1576ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேர்பேஜ் என்பார் ஷோர்டிச் பகுதியில் தனி அரங்கொன்றை அமைத்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. எனினும், மதுக்கடைக்கும் மேடைக்கும் இருந்த உறவு அற்றுவிடவில்லை. அதனை அறுக்க முயன்றது அரசாங்கத்தின் சட்டமே.

1737ஆம் ஆண்டுச் சட்டம், எந்த நாடகத்தையும் மேடையேற்றுமுன் அதன் பிரதியைச் சேம்பர்லேன் பிரபு என்னும் அரண்மனை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. உரையாடலோடு கூடிய நாடகத்தை நடத்தும் உரிமை டுரூரி லேன், கொவன்ற் கார்டன் ஆகிய இரு பேரரங்குகளுக்கே பெரும்பாலும் உரியதாயிற்று. ஏனைய சிற்றரங்குகள் பாடலாம், ஆடலாம், கயிற்றில் நடக்கலாம். பேசி நடித்தல் ஆகாது!

பன்ரோமைம் என்ற சொல், பழைய உரோமர் காலத்தில் வாய்பேசாது அபிநயிக்கும் நடிகனைக் குறித்தது. இங்கிலாந்திலே 1717ஆம் ஆண்டளவில் ஜோன் றிச் என்னும் நடிகர் ‘ஹார்லக்குவின்’ வேடம் பூண்டு, பேசாமலே ஆடிப் புகழ் பெற்றார். அவர் வளர்த்த ஊமைக் கூத்து, பேச உரிமையற்ற சிற்றரங்குகளுக்குப் பின்னர் பெருந்துணையாயிற்று. 1778 முதல் 1837 வரை வாழ்ந்த ஜோசப் கிறிமால்டி இக்கூத்தின் தலையாய இடத்தைக் கோமாளிக்கு ஈட்டிக் கொடுத்தார். ஆப்பிள் விற்கும் கிழவியைப் பற்றிய அவருடைய பாட்டொன்று பெரும் புகழ் பெற்றது. கிழவி அருந்திய மதுவின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் வேண்டுமென்றே நிறுத்திவிடுவார். சபையோர் ஒரே குரலில் அச்சொல்லை முழங்குவர். மேடையில் நின்றவன் வாய் மூடினான். கீழே இருந்தவர்கள் வாய் திறந்தனர்.

இனி, தவறணையின் பின்கட்டுக்கு வருவோம். சாமுவேல் லேன் என்பவர் சட்டத்துக்கு மாறாக நாடகம் நடத்தி ஒரு மண்டபத்தின் அனுமதியை இழந்தவர். அவரே 1841இல் கிழக்கு இலண்டனின் ஹொக்ஸ்ரன் பகுதியில், தவறணையொன்றின் பின்புறத்திலே ‘பிரித்தானியா’ என்னும் மண்டபத்தைத் தொடங்கினார். உண்டி, பானம் வாங்கும் சீட்டே அங்கு நுழைவுச் சீட்டாயிற்று. 1843இல் வந்த புதிய சட்டம் பேரரங்குகளின் தனியுரிமையை நீக்கியது. ஆயினும் வேறொரு பிரிவினையை உண்டாக்கியது. நாடகம் நடத்துவோர் ஒருபுறம். மண்டபத்திலேயே குடித்தும் புகைத்தும் பாட்டுக் கேட்போர் மறுபுறம். லேன் நாடகத்தையே தெரிந்தெடுத்தார். 1858இல் பிரித்தானியா, நாலாயிரம் பேர் வரை கொள்ளும் பேரரங்காக எழுந்தது.

1860இல் அங்கு சென்ற எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், உழைக்கும் மக்களுக்கென இத்துணை காற்றோட்டமும் வசதியும் உள்ள அரங்கு அமைந்திருப்பதை மெச்சினார். அன்றிரவு அவர் முதலிற் கண்டது பன்ரோமைமே. 1871இல் சாமுவேல் லேன் மறைந்தபின் அவருடைய மனைவி சாரா லேன் அரங்கை நடத்தினார். எழுபது வயதைக் கடந்த பின்னரும் அவ்வம்மையார் நத்தார்க் கூத்திலே ஆண்வேடம் தரித்து மேடையேறினார். ‘ஹொக்ஸ்ரனின் அரசி’ என்று ஏழைமக்கள் அவரைக் கொண்டாடினர். 1898இல் பெர்னாட் ஷாவும் அங்கு சென்று கூத்தைக் கண்டு பாராட்டி எழுதினார். அடுத்த ஆண்டில் சாரா லேன் காலமானார். பிற்காலத்திலே படமாளிகையாக மாறிய அக்கட்டடம், 1940இல் வானிலிருந்து வீசப்பட்ட குண்டுகளால் அழிந்தது.

1968இல் சேம்பர்லேன் பிரபுவின் தணிக்கை அதிகாரம் ஒழிந்தது. ஈராண்டுகள் கழித்து டான் குரோஃபோர்ட் என்பார் இஸ்லிங்ரன் பகுதியிலுள்ள ‘கிங்ஸ் ஹெட்’ தவறணையின் பின்னறையில், ஏறத்தாழ நூறு பேர் அமரத்தக்க அரங்கொன்றைத் திறந்தார். அவ்வழியில் வேறு பல தவறணைகளிலும் சிற்றரங்குகள் தோன்றின. நத்தார்க் காலத்தில் பன்ரோமைமும் அங்கே இடம்பெறலாயிற்று. பொறிகளும் பெரும் காட்சித்திரைகளும் அங்கே இல்லை. நான்கைந்து நடிகர்களே பல வேடங்களைத் தாங்குவர். முன்வரிசைக் குழந்தை கைநீட்டினால் கிழவியின் பாவாடையைத் தொட்டுவிடலாம். கிங்ஸ் ஹெட் அரங்கு 2024இல் அத்தவறணையை விட்டு அண்மையிலுள்ள புதிய இடத்துக்குப் பெயர்ந்தது.

கலைகளுக்குப் பேரரங்குகள் பெருமை தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், எளிய மக்களுக்குப் பேச்சு நாடகத்தை மறுத்த சட்டங்கள் இன்று ஏட்டிலே மட்டும் உள்ளன. அவர்கள் எழுப்பிய கூச்சலோ உயிரோடிருக்கின்றது. நாயகனை எச்சரிக்க எழுந்து நின்று கத்தும் அந்தச் சிறுபிள்ளை ஒரு நீண்ட வழக்கிலே வென்றவர்களின் வாரிசு என்பதை அறியமாட்டாது. அறியாமலே அனுபவிக்கும் அளவுக்கு அவ்வுரிமை இயல்பாகிவிட்டதே அவ்வெற்றியின் சிறப்பாகும்.