கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் உரையாடல் மட்டுறுத்தல்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் நிரல் எழுதுவோரும் அதைப் பயன்படுத்துவோரும் இணையத்தில் நடத்தும் விவாதங்களை நெறிப்படுத்தும் பணி மட்டுறுத்தல் எனப்படுகிறது. திசைமாறிய இழைகளைப் பூட்டுவது, வசைகளை மறைப்பது, எச்சரிப்பது, மிஞ்சினால் ஆளையே விலக்கிவைப்பது எல்லாம் இதில் அடங்கும். இத்திட்டங்களில் எந்த நிரல் ஏற்கப்படும், எது தள்ளப்படும் என்பதே பொதுவெளியில் எழுதிப் பேசித்தான் முடிவாகிறது. ஆகவே ஒருவரின் வாயை அடைத்தால் அவர் வேலையும் நின்றுபோகும்.

தொல்லைகள் பலவகை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் சண்டையாக மாறிய 100 விவாதங்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பச்சையான வசைகளோடு, இலவசமாகப் பெற்ற மென்பொருளுக்கு உரிமையாளர்போல அதட்டிக் கேட்கும் பயனர்களின் தொனியையும் முக்கியமாகச் சுட்டியது. அற்ப விஷயத்துக்கு ஆளாளுக்குக் கருத்துச் சொல்லும் வியாதியும் உண்டு. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் 'ஸ்லீப்' என்ற சிறு கட்டளை பின்ன நொடிகளை ஏற்கலாமா என்பதற்கே பெரும் வாக்குவாதம் மூண்டது. அலுத்துப்போன அத்திட்டத்தின் நிரலாளர் போல்-ஹென்னிங் காம்ப், எளிதில் புரியும் சைக்கிள் கொட்டகைக்குத்தான் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள் என்ற பார்க்கின்சனின் பழைய உவமையை எடுத்துவிட, அன்றிலிருந்து அது நிரலாளர்களின் அன்றாடச் சொல்லானது.

அடக்கமான தொனியில் வரும் நெருக்குதலைப் பிடிப்பதுதான் கடினம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைக் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்துவந்தவரை, 2022இல் முகமறியாத சில கணக்குகள் வேலை மந்தம் என்று குறைகூறி, பொறுப்பை இன்னொருவருடன் பகிரச் சொல்லி நச்சரித்தன. அப்படி உள்ளே வந்த கணக்கு நுழைத்த பின்கதவு 2024 மார்ச்சில் அம்பலமானது. அந்த மடல்களில் எந்த மட்டுறுத்துநரும் நீக்கும் அளவுக்கு ஒரு சொல்கூட இல்லை.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கிட்ஹப்பில் விவாதத்தைப் பூட்டலாம். புதியவர்கள் எழுதுவதை 24 மணிநேரம் முதல் 6 மாதம் வரை தடுத்துவைக்கலாம். கோராலைன் அடா எம்கி 2014இல் உருவாக்கிய 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நடத்தை நெறியைப் பல திட்டங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. அதன் இரண்டாம் பதிப்பு திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை எனத் தண்டனைகளைப் படிப்படியாக வகுக்கிறது. ஏட்டில் இருக்கும் விதி திட்டத்தின் பெரிய தலைகளையும் கட்டுப்படுத்துமா என்பதே உண்மையான சிக்கல்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அந்தச் சிக்கல் எல்லோரும் பார்க்க வெடித்தது. கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மோசமான நிரல் அனுப்பியவர்களைக் கடுஞ்சொல்லால் விளாசுவதற்குப் பேர்போனவர். 2015இல் சேர்க்கப்பட்ட 'மோதல் நெறி', அவமதிக்கப்பட்டதாக உணர்பவர்கள் லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை அணுகலாம் என்றது. ஆனாலும் விமர்சனத்தைத் தாங்கிக்கொள் என்ற தொனியே அதில் ஓங்கியிருந்தது. திட்டுபவருக்கு அது கடிவாளம் போடவில்லை. 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு விடுப்பில் போனார். கெர்னலின் 4.19 பதிப்பைச் சக பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முடித்துக்கொடுத்தார். மோதல் நெறியின் இடத்துக்கு எம்கியின் நெறி வந்தது. திறமைக்கு மதிப்புப் போய்விடும் என்று பலர் கொதித்தார்கள். டோர்வால்ட்ஸ் அக்டோபரிலேயே திரும்பிவிட, கெர்னல் வழக்கம்போல வெளிவந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில், சக நிரலாளரிடம் தகாத முறையில் எழுதியதற்காக ஒரு கோப்பு முறைமையின் பராமரிப்பாளர் அனுப்பும் மாற்றங்கள் 6.13 பதிப்புக்கான சுற்றில் ஏற்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டன.

ரஸ்ட் நிரல்மொழியின் கதை இதற்கு நேரெதிர். அங்கே நடத்தை நெறி தொடக்க காலத்திலிருந்தே உண்டு, 2015 முதல் தனி மட்டுறுத்தல் குழுவும் உண்டு. 2021 நவம்பர் 22 அன்று அந்தக் குழுவினர் அனைவரும் ஒருசேர விலகினர். திட்டத்தை வழிநடத்திய மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லாத இடத்தில் இருந்ததால், அதன்மீது நெறியைச் செலுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். எந்தச் சம்பவம் என்று அவர்கள் விளக்கவில்லை, ஊகங்கள் பறந்தன. புகார் கொடுத்தவரைக் காக்கும் இரகசியம், மட்டுறுத்துநர் தன் பக்க நியாயத்தைச் சொல்லவும் விடுவதில்லை. 2023 ஜூனில் மையக் குழுவின் இடத்துக்குத் தலைமைக் குழு வந்தபோது, மட்டுறுத்தல் குழுவுக்கும் அதில் ஒரு பிரதிநிதி கிடைத்தார். மட்டுறுத்துநர்களின் முடிவுகளைத் தணிக்கை செய்ய, வழக்கமான பணியில் ஈடுபடாத மாற்று மட்டுறுத்துநர்கள் என்ற பொறுப்பும் புதிதாக ஏற்பட்டது.